தபால் வாங்க ஆள் இல்லாத கம்பெனி: ஆண்டு ரிட்டர்ன், பதிவு அலுவலக விலாசம்

ஆகஸ்ட் 11, 2024. பாலக்கோட்டிலிருந்து வந்த கேள்வி

நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து 2022 ஜூனில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்தோம். தக்காளிக் கூழ், தக்காளிப் பொடி செய்து விற்பது திட்டம். மூலதனம் ஒரு லட்சம். ஓசூரில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து அதையே பதிவு அலுவலகமாகக் காட்டினோம். வியாபாரம் சரியாக எழும்பவில்லை. அறையைக் காலி செய்தாயிற்று. ஆர்.ஓ.சி.க்கு, அதாவது கம்பெனிப் பதிவாளருக்கு, ரிட்டர்ன் எதுவும் போடவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான், "அதை அப்படியே விட்டுவிடு, இங்கே டெலவேர் மாநிலத்தில் ஒன்று ஆரம்பிக்கலாம். அங்கே ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் என்று ஒருவர் உண்டு, தபால் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். நம் சட்டத்தில் அப்படி ஒருவர் உண்டா? வியாபாரமே நடக்காத வருடத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டுமா?

ஆகஸ்ட் 11, இரவு

கிருஷ்ணகிரியில் சிறு கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுவதும் படிவம் போடுவதும் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நம் நாட்டுக் கம்பெனிக்கு ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் கிடையாது. அந்த வேலையைச் சட்டம் ஒரு ஆளிடம் கொடுக்காமல் ஒரு இடத்திடம் கொடுத்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் 12ஆம் பிரிவு சொல்வது இதுதான்: கம்பெனி பதிவான 30 நாளுக்குள் ஒரு பதிவு அலுவலகம் இருக்க வேண்டும், வரும் கடிதத்தையும் நோட்டீஸையும் வாங்கி, வாங்கினேன் என்று ஒப்புக்கொள்ளும் நிலையில் அது எப்போதும் இருக்க வேண்டும். அந்த விலாசத்துக்கு ரெஜிஸ்டர்டு போஸ்டிலோ ஸ்பீட் போஸ்டிலோ அனுப்பிவிட்டால், கம்பெனியிடம் கொடுத்ததாகத்தான் கணக்கு. யார் கதவைத் திறந்தார்கள் என்று சட்டம் கேட்காது.

நீங்கள் ரிட்டர்ன் போடாததை விட, அறையைக் காலி செய்துவிட்டு விலாசத்தை மாற்றாமல் இருப்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. ரிட்டர்ன் தவறினால் பணம் போகும். விலாசம் தவறினால் என்ன நடக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

ஆகஸ்ட் 12, காலை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆம், போட வேண்டும். ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் போட வேண்டும். "விற்பனை இல்லை என்றால் ஆடிட் வேண்டாம்" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அது கம்பெனிக்குப் பொருந்தாது. எல்.எல்.பி. எனும் வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனத்துக்குத்தான் அப்படி ஒரு வரம்பு இருக்கிறது, விற்பனை 40 லட்சமோ மூலதனம் 25 லட்சமோ தாண்டாதவரை ஆடிட் கட்டாயம் இல்லை. பிரைவேட் லிமிடெட் என்றால் முதல் வருடத்திலிருந்தே ஆடிட்டர் கையெழுத்து வேண்டும்.

முக்கியமான படிவங்கள் இரண்டு. கணக்குகளுக்கு ஏ.ஓ.சி-4, ஆண்டுப் பொதுக்குழு (பங்குதாரர்களின் வருடாந்தரக் கூட்டம்) முடிந்த 30 நாளுக்குள். ஆண்டு ரிட்டர்னுக்கு எம்.ஜி.டி-7ஏ, 60 நாளுக்குள். இந்த 7ஏ சிறு கம்பெனிகளுக்காக 2020-21 முதல் வந்த சுருக்கமான படிவம். 2024ல் இருந்த வரம்புப்படி, மூலதனம் 4 கோடிக்கும் விற்பனை 40 கோடிக்கும் மேல் போகாதவர்கள் இதைப் போடலாம்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முதல் பொதுக்குழுவுக்கு நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம் அவகாசம் உண்டு. ஆக 2022-23 வருடத்துக்கு 2023 டிசம்பர் 31 கடைசி நாள். கூட்டம் நடத்தவில்லை என்றாலும் நடத்தியிருக்க வேண்டிய நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். அப்படிப் பார்த்தால் ஏ.ஓ.சி-4 இந்த வருடம் ஜனவரி 30க்குள், எம்.ஜி.டி-7ஏ பிப்ரவரி 29க்குள் போயிருக்க வேண்டும். தாமதக் கட்டணம் ஒரு படிவத்துக்கு நாளுக்கு 100 ரூபாய். 2018 ஜூலையிலிருந்து இந்த விகிதம்தான், உச்ச வரம்பு எதுவும் கிடையாது. இன்றைய தேதியில் இரண்டும் சேர்த்துச் சுமார் 36,000 ரூபாய். நேரத்தில் போட்டிருந்தால் ஒரு லட்சம் மூலதனத்துக்கு ஒரு படிவத்துக்கு 300 ரூபாய்தான்.

2023-24 கணக்குக்கு இன்னும் நேரம் இருக்கிறது. செப்டம்பர் 30க்குள் பொதுக்குழுவை முடித்துவிட்டால் அந்த வருடத்துக்குத் தாமதமே வராது. கையில் இருக்கும் வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 12, மதியம்

இதையும் பாருங்கள்: ஐ.என்.சி-20ஏ போட்டீர்களா? தொழில் தொடங்கும் உறுதிமொழி அது. பதிவான 180 நாளுக்குள், பங்குப் பணம் வங்கிக்கு வந்த பிறகு போட வேண்டியது. மூன்று பேரும் பங்குப் பணத்தைக் கம்பெனிக் கணக்கில் கட்டினீர்களா என்று ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாருங்கள். இந்தப் படிவம் போகவில்லை என்பதே கம்பெனியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க ஒரு காரணம் ஆகும்.

ஆகஸ்ட் 14

பாலக்கோடு தம்பி பதில் எழுதியிருக்கிறார். 20ஏ போயிருக்கிறது, நல்லது. ஆனால் கம்பெனி விவரத்தில் பதிவாகியிருக்கும் மின்னஞ்சல், கம்பெனியை ஆரம்பித்துக் கொடுத்தவருடையது. அவர் இப்போது போனை எடுப்பதில்லை.

இது மிகவும் சாதாரணமாக நடக்கிறது. பதிவு செய்யும் அவசரத்தில் "ஓ.டி.பி. வர வேண்டும்" என்று தன் மின்னஞ்சலையே போட்டுவிடுகிறார்கள். அதோடு வேலை முடிந்தது. துறையிலிருந்து வரும் நினைவூட்டலும் எச்சரிக்கையும் அவருடைய பெட்டியில் போய் விழுகின்றன. சட்டப்படி மின்னஞ்சலில் அனுப்புவதும் அனுப்பியதுதான். காகிதத் தபால் காலி அறைக்கும் மின் தபால் முகம் தெரியாதவருக்கும் போகிறது. விலாசத்தை மாற்ற ஐ.என்.சி-22 போடும்போது மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றிவிடுங்கள். மூன்று டைரக்டரில் ஒருவரின் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காமல், கம்பெனி பெயரில் புதிதாக ஒன்று தொடங்கி மூவரும் கடவுச்சொல் வைத்துக்கொள்வது மேல்.

ஆகஸ்ட் 18

விலாசத்தைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு.

ஓசூரில் அண்ணன் தம்பி இருவர் நடத்திய லேத் பட்டறை. பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுப்பார்கள். வென்டர் கோடு (சரக்குக் கொடுப்பவர் பட்டியலில் ஒரு எண்) வேண்டும் என்றால் பிரைவேட் லிமிடெட்டாக வா என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னதால் கம்பெனி ஆக்கினார்கள். அப்போது பட்டறை ஒரு கடை மாடியில் இருந்தது. பிறகு வேலை பெருகி, பத்தலப்பள்ளிப் பக்கம் சொந்த ஷெட் போட்டுப் போனார்கள். ஜி.எஸ்.டி.யில் புது விலாசம், வங்கியில் புது விலாசம், லெட்டர்ஹெட்டிலும் புது விலாசம். ஆர்.ஓ.சி.யில் மட்டும் பழைய மாடி அறை. ரிட்டர்ன் வேலையை ஒரு அலுவலகத்திடம் கொடுத்திருந்தார்கள், வருடா வருடம் கட்டணமும் கட்டினார்கள். படிவம் போகவே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆர்.ஓ.சி. முதலில், பெயரை நீக்கப்போகிறோம் என்று எஸ்.டி.கே-1 நோட்டீஸ் அனுப்பும். 30 நாளுக்குள் பதில் சொல்லலாம். ஒரு தாளில் "நாங்கள் தொழில் செய்துகொண்டுதான் இருக்கிறோம், இதோ ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்" என்று எழுதினாலே பாதி வேலை முடிந்திருக்கும். அந்தத் தபால் பழைய மாடிக்குப் போனது. அங்கே வேறு குடித்தனம். அப்படி யாரும் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அடுத்து அரசிதழ், செய்தித்தாள், இணையதளம் என்று பொது அறிவிப்பு. லேத் முன்னால் நிற்பவன் அரசிதழ் படிப்பானா? பெயர் நீக்கப்பட்டது. சம்பளம் போடும் வாரத்தில் வங்கி நடப்புக் கணக்கை நிறுத்திய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அப்புறம் சென்னைக்குப் போய் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் 252ஆம் பிரிவின் கீழ் மனு. பெயரை நீக்கிய சமயத்தில் கம்பெனி தொழில் செய்துகொண்டிருந்தது என்று காட்ட ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் கரண்ட் பில்லும் இருந்ததால் பெயர் திரும்பி வந்தது. வக்கீல் செலவு, விடுபட்ட வருடங்களுக்கெல்லாம் ரிட்டர்ன், அதற்குத் தாமதக் கட்டணம். நடுவில் பெரிய வாடிக்கையாளர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார், திரும்பவில்லை. உழைப்பில் குறை வைக்காத இரண்டு பேர். அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

ஆகஸ்ட் 18, இரவு

"மூன்று வருடம் போடாவிட்டால் என்ன ஆகும்" என்று ஒருவர் கேட்கிறார். ஒரு வருடத்து இரண்டு படிவம் ஒரு வருடம் தாமதமானால் 73,000. மூன்று வருடப் படிவங்கள் தேங்கி, முதல் வருடத்துடையது மூன்று வருடம், அடுத்தது இரண்டு, கடைசி ஒன்று என்று தாமதமாகியிருந்தால் சுமார் 4,38,000 ரூபாய். ஒரு லட்சம் மூலதனக் கம்பெனிக்கு.

பணத்தை விடப் பெரிய விஷயம் கம்பெனிகள் சட்டத்தின் 164(2) பிரிவு. தொடர்ந்து மூன்று நிதியாண்டுக்குக் கணக்கோ ஆண்டு ரிட்டர்னோ போகவில்லை என்றால் டைரக்டர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள். 2017ல் நாடு முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளின் பெயர் நீக்கப்பட்டது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட டைரக்டர்கள் தகுதி இழந்தார்கள். அந்தப் பட்டியலில் ஏமாற்றுக் கம்பெனிகளும் இருந்தன, அண்ணன் தம்பி பட்டறைகளும் இருந்தன.

ஆகஸ்ட் 19

சென்னைக்குப் போக வேண்டுமா, சேலத்துக்கா என்ற கேள்விக்கு: தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் கோயம்புத்தூர் ஆர்.ஓ.சி.யின் கீழ் வருகின்றன. உங்கள் சி.ஐ.என். என்ற கம்பெனி அடையாள எண்ணின் நடுவில் டி.இசட் என்று இருக்கும். சென்னையில் பதிவானவற்றுக்கு டி.என். படிவம் எல்லாம் இணையத்தில்தான், நேரில் போகத் தேவையில்லை.

ஆகஸ்ட் 25

ஓசூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. பெங்களூர் 40 கிலோமீட்டர்தானே, அங்கே விலாசம் இருந்தால் மதிப்பு என்று நினைத்துச் சிலர் பதிவு அலுவலகத்தை அங்கே வைத்துவிடுகிறார்கள். ஆலை ஓசூரில், முதலாளி குடியிருப்பது சூளகிரியில், பதிவு அலுவலகம் பெங்களூரில் உறவினர் வீட்டில். உறவினர் வீடு மாறினால் கதை முடிந்தது.

இங்கே இடம் மாற்றுவதற்கும் அங்கிருந்து இங்கே கொண்டுவருவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒரே ஊருக்குள் என்றால் போர்டு தீர்மானம், 30 நாளுக்குள் ஐ.என்.சி-22, அவ்வளவுதான். ஓசூரிலிருந்து பாலக்கோட்டுக்கு என்றால் ஊர் எல்லை தாண்டுவதால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானமும் வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே ஆர்.ஓ.சி. என்பதால் அதற்கு மேல் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மாநிலம் மாறினால் கம்பெனியின் அடிப்படை ஆவணமான மெமோராண்டத்தையே திருத்தி மண்டல இயக்குநரின் உத்தரவு வாங்க வேண்டும், கடன்காரர்களுக்கு அறிவிப்பு, செய்தித்தாள் விளம்பரம் எல்லாம் உண்டு. பெங்களூர் ஓசூரிலிருந்து பார்த்தால் பக்கத்து ஊர். சட்டத்தில் அது வேறு மாநிலம்.

செப்டம்பர் 1

இனி மச்சானுடைய டெலவேர்.

அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அங்கே எந்த மாநிலத்தில் கம்பெனி பதிவானாலும் அந்த மாநிலத்தில் ஒரு ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் கட்டாயம். தெரு விலாசம் வேண்டும், தபால் பெட்டி எண் மட்டும் போதாது. வேலை நேரத்தில் அங்கே ஆள் இருக்க வேண்டும். வழக்கு சம்மனும் அரசாங்கத் தபாலும் அவரிடம் வரும், அவர் கம்பெனிக்கு அனுப்பிவைப்பார். வருடக் கட்டணம் வாங்கிக்கொண்டு இதைத் தொழிலாகவே செய்பவர்கள் உண்டு. தபால் வாங்குவது ஒரு வேலை, அதற்கு ஒரு ஆள் பொறுப்பு என்று அங்கே முடிவு செய்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது.

ஆனால் "எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்பது சரியில்லை. ஏஜென்ட் தபாலை வாங்கி அனுப்புவார். வரியைக் கட்டுவதும் ரிப்போர்ட் போடுவதும் உங்கள் வேலை. டெலவேரில் எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்புள்ள எளிய வகைக் கம்பெனி) என்றால் ஆண்டு அறிக்கை கிடையாது, ஆனால் ஜூன் 1க்குள் 300 டாலர் வரி. கார்ப்பரேஷன் என்றால் மார்ச் 1க்குள் ஆண்டு அறிக்கைக்கு 50 டாலரும் அதோடு பிரான்சைஸ் வரியும், அதாவது அந்த மாநிலத்தில் கம்பெனியாகப் பதிவாகி இருப்பதற்கான வரியும். எல்.எல்.சி. தவறினால் 200 டாலர் அபராதம், மாதம் ஒன்றரை சதவீதம் வட்டி.

பிரான்சைஸ் வரியைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஆவணத்தை வைத்து ஒரு கோடி பங்குகளுக்கு அனுமதி வாங்கியிருப்பார்கள். பங்கு எண்ணிக்கை முறையில் வரி 85,165 டாலர் என்று நோட்டீஸ் வரும். வேறொரு கணக்கு முறை உண்டு, சொத்து மதிப்பை வைத்துப் போடுவது. அதில் சிறு கம்பெனிக்குப் பெரும்பாலும் குறைந்தபட்சமான 400 டாலரிலேயே முடிந்துவிடும். முறையைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டியது கம்பெனிதான். ஏஜென்ட் நோட்டீஸை அனுப்பிவிட்டுப் போய்விடுவார்.

இன்னொன்று. அமெரிக்காவில் குடியிராத ஒருவர் தனியாக எல்.எல்.சி. வைத்திருந்தால், வருமானமே இல்லாவிட்டாலும், உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் நடுவே பணம் போய்வந்திருந்தால் 5472 என்ற படிவம் உண்டு. விட்டால் அபராதம் 25,000 டாலர். இங்கே நாளுக்கு 100 ரூபாய்க்குப் பயந்து அங்கே போகிறவர்கள் இந்த எண்ணை ஒரு முறை எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வருடம் அங்கே புதிதாகப் பதிவாகும் கம்பெனிகள் உண்மையான உரிமையாளர் யார் என்று 90 நாளுக்குள் ஒரு அறிக்கையும் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 8

எல்லா டைரக்டர்களுக்கும்: டைரக்டரின் அடையாள விவரத்தை உறுதிசெய்யும் டி.ஐ.ஆர்-3 கே.ஒய்.சி. இந்த 2024ல் செப்டம்பர் 30க்குள். தவறினால் ஆளுக்கு 5,000 ரூபாய். அதை விட, டின் என்ற டைரக்டர் அடையாள எண் முடங்கிவிடும். முடங்கிய டின்னை வைத்து ஏ.ஓ.சி-4ல் கையெழுத்துப் போட முடியாது. டிஜிட்டல் கையெழுத்து காலாவதியாகிவிட்டதா என்றும் இன்றே பாருங்கள். அக்டோபர் கடைசி வாரத்தில் இதற்கு ஓடுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

செப்டம்பர் 15

தம்பி புது விலாசமாகப் பாலக்கோட்டில் தாத்தா வீட்டைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகக் கொடுக்கலாம். பதிவு அலுவலகம் வீடாக இருக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. வேண்டியது வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், இரண்டு மாதத்துக்கு மேல் பழசாகாத ஒரு பில்.

சிக்கல் எங்கே வரும் என்றால், நம் ஊர்களில் பாதி வீடுகளுக்கு மின் இணைப்பு இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அவரிடம் சம்மதம் எப்படி வாங்குவது? வாரிசுச் சான்றிதழ் வைத்து முதலில் மின் இணைப்பின் பெயரை மாற்றுங்கள். அப்புறம் இன்னொன்று, நமக்குக் கரண்ட் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. கையில் இருக்கும் பில் படிவம் போடும் நாளில் இரண்டு மாதத்தைத் தாண்டியிருக்கலாம். புது பில் வந்த கையோடு போடுங்கள்.

கதவு எண் பழசும் புதுசும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். முடிந்ததும் ஊர்த் தபால் அலுவலகத்துக்கு ஒரு நடை போய், இந்தப் பெயரில் ஒரு கம்பெனி எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள். கிராமத்தில் தபால்காரருக்கு ஆள் பெயர்தான் தெரியும், கம்பெனிப் பெயர் தெரியாது. வீட்டில் இருக்கும் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டியது அவர்தான்.

வாசலில் கம்பெனிப் பெயரும் விலாசமும் எழுதிய போர்டு கட்டாயம். அந்த வட்டாரத்தில் புழங்கும் மொழி எழுத்திலும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, ஆகவே தமிழிலும் எழுதுங்கள். 2022 ஆகஸ்டில் வந்த விதிப்படி ஆர்.ஓ.சி. நேரில் வந்து பதிவு அலுவலகத்தைப் பார்க்கலாம், அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சியாக இருப்பார்கள். பார்க்க வந்தவருக்குப் போர்டு கண்ணில் பட வேண்டும். 12ஆம் பிரிவை மீறினால் நாளுக்கு 1,000 ரூபாய், உச்சம் ஒரு லட்சம். சிறு கம்பெனிக்கு அதில் பாதிக்கு மேல் போகாது. கம்பெனிக்குத் தனி, டைரக்டருக்குத் தனி.

செப்டம்பர் 29

பென்னாகரம் பக்கமிருந்து ஒரு ஐயா உழவர் உற்பத்தியாளர் கம்பெனி பற்றிக் கேட்டிருக்கிறார். அதுவும் கம்பெனிகள் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. டைரக்டர்கள் ஐந்துக்குக் குறையக் கூடாது, பதினைந்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பொதுக்குழு பதிவான 90 நாளுக்குள் நடக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட் மாதிரி ஒன்பது மாத அவகாசம் என்று நினைத்து இங்கேயே தடுக்கி விழுந்தவர்கள் இருக்கிறார்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, ஆடிட் ஆன கணக்கு, ஆண்டு ரிட்டர்ன் எல்லாம் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள், மொத்த உறுப்பினரில் கால் பங்கு. 500 உறுப்பினர் என்றால் 125 பேர் நேரில் உட்கார வேண்டும். வயல் வேலைக்கு நடுவில் அத்தனை பேரைக் கூட்டுவது லேசான காரியம் இல்லை, தேதியை அறுவடை பார்த்து முன்கூட்டியே வையுங்கள்.

இங்கேயும் விலாசம்தான் என் கவலை. 2020ல் வந்த மத்தியத் திட்டத்தில் ஒரு கம்பெனிக்கு மூன்று வருடத்தில் 18 லட்சம் வரை நிர்வாகச் செலவுக்கு உதவி உண்டு. அந்தக் காலத்தில் ஒரு சி.இ.ஓ. இருப்பார், வாடகை அறை இருக்கும், கணினி இருக்கும். உதவி முடிந்ததும் சி.இ.ஓ. வேறு வேலைக்குப் போவார், அறை காலியாகும். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவரோடு போகும். பங்குப் பணம் கட்டிய ராகிக்காரருக்கும் புளிக்காரருக்கும் தங்கள் கம்பெனிக்கு நோட்டீஸ் வந்ததே தெரியாது. உதவி நிற்பதற்கு முந்தின வருடமே பதிவு அலுவலகத்தை ஊரை விட்டுப் போகாத ஒரு டைரக்டரின் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஏழை விவசாயிகள் ஆயிரம் இரண்டாயிரம் என்று போட்ட பணம் ஒரு காலி அறையில் போய் முடியக் கூடாது.

அக்டோபர் 13

"அமெரிக்கா மாதிரி இங்கேயும் ஏஜென்ட் கட்டாயம் ஆக்கினால் நல்லதுதானே" என்று சிலர் கேட்கிறீர்கள். செப்டம்பர் 1 அன்று அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு நிறைய யோசித்தேன்.

நம் சட்டத்தில் ஒரே இடத்தில் அப்படி ஒரு ஆள் வருகிறார். வெளிநாட்டுக் கம்பெனி இங்கே அலுவலகம் திறந்தால், நோட்டீஸை வாங்கும் அதிகாரம் உள்ள, இந்தியாவில் வசிக்கும் ஒருவரின் பெயரையும் விலாசத்தையும் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 380ஆம் பிரிவு. தூரத்தில் இருப்பவனுக்கு ஆள் வேண்டும், உள்ளூரில் இருப்பவனுக்கு அவன் வாசலே போதும் என்று நினைத்திருக்கிறார்கள். கம்பெனி என்றால் பெரிய கட்டடம், வாசலில் காவலாளி, உள்ளே தபால் பிரிவு என்று இருந்த காலத்துக்கு அது சரி. மூன்று பேர், ஒரு லட்சம் மூலதனம் என்று கம்பெனி வந்த பிறகு வாசல் நிலையாக இல்லை.

இருந்தாலும் கட்டாய ஏஜென்ட் என்று வந்தால் இன்னொரு வருடச் செலவு. அது தர்மபுரிக்காரன் தலையில்தான் விழும். கட்டணம் கட்டவில்லை என்று ஏஜென்ட் விலகினால் மறுபடியும் தபால் அந்தரத்தில். எனக்குச் சரி என்று படுவது வேறு. பெயர் நீக்க நோட்டீஸ் அனுப்பும் முன், அந்தக் கம்பெனியின் பான் எண்ணில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போய்க்கொண்டிருக்கிறதா என்று துறை பார்க்கட்டும். போகிறது என்றால் அந்த ஜி.எஸ்.டி. விலாசத்துக்கும் ஒரு பிரதி அனுப்பட்டும். இரண்டும் அரசாங்கத்தின் கையில் இருக்கும் தகவல்தான். ஓசூர் அண்ணன் தம்பிக்கு அது ஒன்று நடந்திருந்தால் போதும்.

நவம்பர் 24

செப்டம்பர் 30 அன்று பொதுக்குழு நடத்தியவர்களுக்கு எம்.ஜி.டி-7ஏ கடைசி நாள் நவம்பர் 29. ஏ.ஓ.சி-4 அக்டோபர் 30 அன்றே முடிந்துவிட்டது, போடாதவர்களுக்கு மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

தம்பி, உங்கள் 2023-24 படிவங்கள் போய்விட்டன என்று பார்த்தேன். மிகவும் சந்தோஷம். பழைய வருடத்தையும் தாமதக் கட்டணச் சலுகைத் திட்டம் வரும் என்று காத்திருக்காமல் போட்டது நல்ல முடிவு. 2018லும் 2020லும் அப்படித் திட்டங்கள் வந்தன, உண்மைதான். 2020ல் வந்தது டிசம்பர் கடைசியோடு முடிந்தது. அடுத்தது வரும் என்று எதிர்பார்த்து இரண்டு படிவத்துக்கும் சேர்த்து நாளுக்கு 200 ரூபாய் ஏற்றிக்கொண்டே போனவர்கள் இந்த 2024 நவம்பரிலும் காத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 8

மச்சான் இப்போது டெலவேரை விட்டுவிட்டு உங்கள் கம்பெனியிலேயே பணம் போடுகிறேன் என்கிறாராம். நல்ல செய்தி, ஆனால் பணம் வருவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்யுங்கள். பிற்பாடு டாலராகத் திரும்ப எடுத்துப்போகும் உரிமையோடு போடுகிறாரா, இல்லையா? உரிமையோடு என்றால் பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் அதைத் தெரிவிக்கும் எப்.சி-ஜி.பி.ஆர். படிவம் ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டும், ஒவ்வொரு வருடமும் ஜூலை 15க்குள் வெளிநாட்டு முதலீட்டு நிலையைச் சொல்லும் எப்.எல்.ஏ. ரிட்டர்ன் வேறு. வெளிநாடு வாழ் இந்தியராக, திரும்ப எடுத்துப்போகாத முறையில் போட்டால் உள்நாட்டு முதலீடாகவே கருதுவார்கள். எந்தக் கணக்கிலிருந்து பணம் வருகிறது என்பதை வங்கியில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒருவேளை நீங்கள் அங்கே முதலீடு செய்வதாக இருந்தால் அது தனி விதி. உங்கள் வங்கி வழியாக முன்கூட்டியே படிவம் கொடுத்து, வருடா வருடம் டிசம்பர் 31க்குள் செயல்பாட்டு அறிக்கை தர வேண்டும்.

ஏப்ரல் 6, 2025

உண்மையான உரிமையாளர் அறிக்கை பற்றிச் செப்டம்பர் 1 குறிப்பில் எழுதியதை இப்போது மாற்றிப் படியுங்கள். போன மாதம் அமெரிக்க நிதித்துறை விதியை மாற்றிவிட்டது. அங்கேயே பதிவான கம்பெனிகளுக்கு அந்த அறிக்கை இனி தேவையில்லை. வெளிநாட்டில் பதிவாகி அங்கே தொழில் செய்யப் பதிவு வாங்கியவற்றுக்கு மட்டும்தான். 5472 படிவமும் ஜூன் 1 வரியும் அப்படியே இருக்கின்றன.

ஏப்ரல் 13, 2025

ராயக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார், கணவர் இருந்தவரை நடத்திய கம்பெனியை இனி நடத்த முடியாது, மூடுவது எப்படி என்று. அம்மா, தானாக நீங்கட்டும் என்று விடாதீர்கள், நீங்களே மூடிவிடுங்கள். படிவம் எஸ்.டி.கே-2, கட்டணம் 10,000 ரூபாய். 2023 மே மாதத்திலிருந்து இதற்கென்று தனி மையம் பார்க்கிறது. தொழில் நின்ற நிதியாண்டு முடியும்வரை உள்ள ரிட்டர்ன்கள் போயிருக்க வேண்டும். கடன் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது, வங்கிக் கணக்கை மூடிய கடிதம் வேண்டும். டைரக்டர்கள் உறுதிமொழிப் பத்திரமும் பொறுப்பேற்புப் பத்திரமும் கொடுக்க வேண்டும், 30 நாளுக்கு மேல் பழசாகாத கணக்கு அறிக்கை வேண்டும். கணவரின் பங்குகளை முதலில் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டியிருக்கும், இரண்டு டைரக்டர் இல்லை என்றால் இன்னொருவரை நியமிக்க வேண்டும். பிள்ளைகளில் யாராவது ஒருவர் அதற்கு இருக்கலாம்.

பேப்பர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு ஒரு நாள் வாருங்கள். கம்பெனி பான் அட்டை, கடைசியாக ஆடிட் ஆன பேலன்ஸ் ஷீட், கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இந்த நான்கும் கண்டிப்பாக வேண்டும். கட்டணம் எதுவும் வேண்டாம், என்னென்ன பாக்கி என்று பார்த்துச் சொல்கிறேன்.